ஊர்க்கூட்டத்தில் எழுந்தவனுக்கு

மருமகள் அடுப்பில் நெருஞ்சி முள்ளைக் கொதிக்க வைத்திருக்கிறாள். அந்த நாற்றம் கூடத்தைத் தாண்டி என் அறைக்குள் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மாட்டுக் கொட்டகையைப் பெருக்கி அள்ளியதை வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் குடித்தால் நீர் தாராளமாகப் பிரியும் என்று போளூரில் ஒரு வைத்தியர் சொல்லியிருக்கிறார். டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் உன் ஞாபகம் வந்தது. இதே கஷாயத்தை உனக்குக் கொடுத்த மலை வைத்தியனை, அதைக் காய்ச்சிய சட்டியாலேயே மண்டையில் அடித்தவன் நீ. மண்டையும் உடைந்தது, சட்டியும் உடைந்தது. "சட்டி நல்ல சட்டி, கணக்குப்புள்ள" என்று நீ பிற்பாடு வருத்தப்பட்டாய்.

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது வைத்துப் படித்துக் காட்டச் சொன்னால், நம் இருவருக்கும் பொதுவான விஷயம் மூன்றாவது ஆளுக்குத் தெரிந்துவிடும். படித்தவனை நீ கொன்றுபோட வேண்டியிருக்கும். இப்போது அந்தச் சிக்கல் இல்லை.

நம் நட்பு எங்கே தொடங்கியது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அப்போது நான் ஜவ்வாது மலை மேல் கடுக்காய்க் கிடங்கில் இருந்தேன். வாணியம்பாடி முதலாளி பாய்க்குத் தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். காட்டில் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவீர்கள். நான் நிறுத்து வாங்கிக் கழுதைகளின் மேல் ஏற்றிக் கீழே அனுப்புவேன். கிடங்குக்குப் பின்னால் ஒரு கிழட்டு நாவல் மரம். அதன் ஒரு பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது மறுபக்கத்தில் கனைப்புச் சத்தம் கேட்டது.

"யாரு அந்தாண்ட?"

"நான்தாங்க, கிடங்குக் கணக்கப்பிள்ளை."

"வந்து எம்மா நேரமாவுது?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலயே வந்துட்டேன்."

"இன்னும் வர்ல?"

"இல்ல."

காட்டில் ஏதோ ஒரு பறவை மட்டும் தன் வேலையைத் தடங்கலில்லாமல் செய்துகொண்டிருந்தது.

"எனக்குந்தான்" என்றாய். பிறகு காறித் துப்பினாய். "த்தூ! இதெல்லாம் ஒரு பொழப்பு."

ஒரே மரத்தின் மறுபக்கத்தில் அதே துன்பத்தோடு நிற்பவனை வாங்க போங்க என்று அதிக நாள் அழைக்க முடியாது. அந்த வாரமே நமக்குள் 'நீ' வந்துவிட்டது.

உன்னைக் கண்டு அந்த மலையே நடுங்கும். உன் இடது கன்னத்தில் பாதியைக் கரடி எடுத்துக்கொண்டு போயிருந்தது. பதிலுக்கு நீ அதன் தோலை எடுத்துக்கொண்டு வந்திருந்தாய். மீதிக் கன்னத்தால் நீ சிரிப்பது, சிரிக்காமல் இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும். உனக்கும் உன் பங்காளி சடையனுக்கும் நடுவே வரப்பில் ஒரு புளியமரம். அது யாருடையது என்பதில் இரண்டு தலைமுறையாக வழக்கு. உங்கள் ஊரில் வழக்கு என்றால் தடி. ஒவ்வொரு வருஷமும் புளியை உலுக்க இரண்டு குடும்பமும் தடியோடு வரும். முதலில் ஆட்களை உலுக்குவீர்கள். ஓய்ந்த பிறகு யாருக்குக் கை தூக்க முடிகிறதோ அவர்கள் மரத்தை உலுக்குவார்கள். உன் தம்பி மகனுக்கு அந்த மரத்தடியில் ஒரு விரல் போயிற்று. சடையன் நெற்றியில் நீ எறிந்த கல் ஒரு குழியை விட்டுப் போயிருந்தது. "மழ பேஞ்சா அதுல தண்ணி நிக்கும், குருவி வந்து குடிக்கும்" என்று பெருமையாகச் சொல்வாய். நான் ஒருமுறை அந்த மரத்தை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். ஊரின் ஒரே நூலகத்தைக் கொளுத்தச் சொன்ன ஒருவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாய்.

இப்பேர்ப்பட்ட உன்னை அடிவயிற்றுக்குள் இருந்த ஒரு சின்ன உருண்டை மடக்கிப் போட்டிருந்தது. எனக்குப் பின்னாளில் வைத்தியம் பார்த்த டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஆண்களுக்கு நீர்ப்பையின் வாயைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறதாம். வயது ஏற ஏற அது பருத்து வழியை நெரிக்குமாம். இயல்பான அளவு என்னவென்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கடுக்காய் அளவு" என்றார். ஆயுள் முழுவதும் கடுக்காயை நிறுத்தவனிடம் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நீ அதை எதிரியாகவே நடத்தினாய். அடிவயிற்றில் குத்துவாய். கெட்ட வார்த்தையில் திட்டுவாய். வீட்டில் இருந்த தண்ணீர்ப் பானையை ஒருநாள் உதைத்து உடைத்தாய், குடிப்பதனால்தானே இந்தத் தொல்லை என்று. மறுநாள் எரிச்சல் தாங்காமல் ஓடையில் வாயை வைத்து எருமைபோல் குடித்தாய். ஓடுகிற தண்ணீரின் சத்தம் கேட்டால் வரும் என்று யாரோ சொன்னதாக ஓடைக்கரையில் போய் உட்காருவாய். ஓடை ஓடிக்கொண்டே இருக்கும். நீ அதன் மேல் கல்லை எறிந்துவிட்டுத் திரும்புவாய்.

என்னுடைய முறை வேறு. பொழுது சாய்ந்த பிறகு காப்பி கிடையாது. பகலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் அவசரப்படாமல் நின்று இன்னொரு தடவை முயல்வேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மறைவான சுவர் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வேன். போளூர்ச் சந்தையிலும் செங்கம் பஸ் நிற்கும் இடத்திலும் எந்தச் சந்துக்குள் போனால் யாரும் திட்டமாட்டார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இதையெல்லாம் உனக்குச் சொன்னேன். "இது கோழப்பய வைத்தியம்" என்றாய். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ரப்பர்க் குழாய் ஒன்று இருக்கிறதாம் என்றபோது கொடுவாளின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாய்.

"எவனாச்சும் அத்தத் தொட்டான்னா கைய வெட்டி அவன் கையிலயே குடுப்பேன். நீ வெளிய சொன்னேன்னு வெச்சிக்கோ, உன் நாக்க அறுத்துக் கடுக்கா மூட்டையில போட்டுக் கீழ அனுப்பிடுவேன்."

வெட்டிய கையை எந்தக் கையில் கொடுப்பாய் என்று நான் கேட்கவில்லை. மண்டை உடைந்த பிறகு வாய் திறக்காத வைத்தியனை விட்டால், இப்படி அந்த ரகசியம் மூன்று பேரோடு நின்றது: நீ, நான், உன் மனைவி குப்பம்மா.

அந்த வருஷம் சாமை அறுத்து முடிந்த கையோடு சடையனுடைய வைக்கோல் போர் எரிந்தது. பக்கத்தில் கட்டியிருந்த கன்று கயிற்றை அறுக்க முடியாமல் கருகிச் செத்தது. காலையில் நான் போய்ப் பார்த்தேன். முளைக்குச்சியைச் சுற்றி அது ஓடிய வட்டம் சாம்பலில் பதிந்திருந்தது. உன்னைப்போல அடிதடியில் ஊறினவர்களும் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சடையன் ஊரைக் கூட்டிச் சொன்னான். ராத்திரி வேலியோரத்தில் நீ நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், போரைப் பார்த்தபடி நெடுநேரம் அசையாமல் நின்றதாகவும். அது அத்தனையும் உண்மை. நீ ஒவ்வொரு ராத்திரியும் அங்கேதான் நின்றாய். அங்கே சரிவு இருந்தது, மறைவு இருந்தது. நெடுநேரம் நின்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. குற்றம் உறுதியானால் உன்னைத் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்தவனுக்கு யாரும் நெருப்புத் தரமாட்டார்கள், தண்ணீர் தரமாட்டார்கள், செத்தாலும் தொட்டுத் தூக்கமாட்டார்கள். உன்னைக் காப்பாற்ற ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை வெளியே விடமாட்டேன் என்று நீ முடிவு செய்திருந்தாய்.

உங்கள் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கத்தி, கொடுவாள், தடி எல்லாவற்றையும் கோயில் வாசலில் குவித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். தீர்ப்புச் சொல்வதற்கு முன் எவன் எழுந்தாலும் அவன் தோற்றவன். எழுந்தவன் கத்தி எடுக்கத்தான் எழுந்தான் என்று அர்த்தம். நடுவிலே எழுந்துபோய்க் கத்தியோடு திரும்பியவர்கள் முன்பு நிறைய இருந்ததால் வந்த ஏற்பாடு அது. சாமி வந்து எழுந்தால் மட்டும் விலக்கு. சாமியைத் தோற்றதாகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. சமாதானத்துக்காகச் செய்த சட்டம், நீர் அடைப்பு உள்ள கிழவர்களை யோசித்துச் செய்ததல்ல. நான் படித்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் அவர்களை யோசித்ததாகத் தெரியவில்லை.

காலையிலேயே உட்கார்ந்தீர்கள். தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டர் நடுவில், நீயும் சடையனும் எதிரெதிரே, இரண்டு குடும்பத்து ஆண்களும் பின்னால். பெண்கள் ஓரமாக நின்றார்கள். நான் நெருங்கிப் போய், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.

"கணக்கப்புள்ள, நீங்க கீழ்நாட்டுக்காரரு. உங்களுக்குச் சோறு போடுவோம், கடுக்கா போடுவோம். இங்க பேசறதுக்கு வாய் கெடையாது. போயி ஒக்காருங்க" என்றார் ஊர்க்கவுண்டர். நீ என் பக்கம் திரும்பி, பாதிக் கன்னத்தால் நாக்கை ஞாபகப்படுத்தினாய். நான் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

"போர நீ கொளுத்துனியா?"

"கொளுத்தல."

"அப்ப அந்நேரத்துல வேலியாண்ட இன்னா பண்ணினிருந்தே?"

நீ வானத்தைப் பார்த்தாய்.

"கேக்கறேன்ல? இன்னா பண்ணே?"

"நின்னேன்."

"எதுக்கு?"

"நிக்கணும்னு தோணிச்சி. நின்னேன்."

சடையன் பக்கம் ஒவ்வொருவராகப் பேசினார்கள். கன்றின் தாய், தாயின் தாய், அது எந்தச் சந்தையில் வாங்கப்பட்டது, அதன் நெற்றிச் சுழி எப்படிப்பட்டது. வெயில் ஏறியது. உன் கால் விரல்கள் மடங்குவதை நான் பார்த்தேன். பிறகு குதிகாலை அடியில் கொடுத்து அதன் மேல் உட்கார்ந்தாய். பிறகு தொடை ஆடத் தொடங்கியது. கரடி கன்னத்தைக் கிழித்தபோது சத்தம் போடாதவன் என்று உன்னைச் சொல்வார்கள். இப்போது உன் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கண் ஓரம் சிவந்திருந்தது. குற்றம் செய்தவன் நெளிகிறான் என்று ஊர் நினைத்தது. எனக்கும் அடிவயிறு வலித்தது. நான் எழுந்து மரத்துப் பக்கம் போய்விட்டு வந்தேன், அந்நியனுக்கு அந்த ஒரு சலுகை உண்டு. திரும்பி வந்தபோது நீ என்னைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது. வேறு எந்த விஷயத்திலும் நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை.

குப்பம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பெண்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. பேசுவார்கள் என்று யாருக்கும் தோன்றாததால் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை. அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் எழுந்த குற்றமும் கிடையாது.

"நெருப்பு வெக்கவா போனான்?" என்று அவள் போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. "ஒண்ணுக்குப் போனான்யா! ஒண்ணுக்கு! ராவுக்கு ராவு அங்கதான் போறான். போனா வந்தாத்தானே? நானும் முழிச்சினு கெடக்கறேன், இவன் வர்றானா, இல்ல வேலியிலயே செத்துட்டானான்னு. ரெண்டு சொட்டுக்கு நாலு தடவ போறான். இவன் போயி நெருப்பு வெக்கிறானாம்! நெருப்பு புடிச்சிருந்தாலும் அணைக்க இவனால ஆவாதுய்யா!"

வழக்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. நீ ஜெயித்துவிட்டாய். நீ செய்ய வேண்டியதெல்லாம் இருந்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதுதான்.

சடையன் சிரித்தான். தொடையில் அடித்துக்கொண்டு, நெற்றிக் குழி விரிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"ரெண்டு சொட்டாம்! கரடிய வெட்டுன கவுண்டனுக்கு ரெண்டு சொ—"

அந்த வார்த்தை முடியவில்லை. நீ எழுந்துவிட்டாய். ஆயுதங்கள் கோயில் வாசலில் இருந்தன, அங்கே போய்வர உனக்குப் பொறுமை இல்லை. தலையாலேயே அவன் வாயில் முட்டினாய். முன்பற்கள் உடையும் சத்தம் நான் உட்கார்ந்திருந்த கல்வரை கேட்டது. அவன் மேல் ஏறி உட்கார்ந்து காதைக் கடித்தாய். அவன் கையில் கிடைத்த கல்லால் உன் விலாவில் குத்தினான். இரண்டு குடும்பமும் எழுந்தது. யாருக்கும் வாசல்வரை போகத் தோன்றவில்லை, கால், கை, கல், மண், தலைப்பாகைத் துணி, எது கிடைத்ததோ அது. ஒருவன் கழுத்தில் இன்னொருவன் துணியை முறுக்கிக்கொண்டிருந்தான். உன் தம்பி மகன் மீதி விரல்களால் யாருடைய கண்ணையோ தோண்டப் பார்த்தான். எந்தப் பக்கமும் சேராத எனக்கும் ஒரு கல் வந்து புருவத்தைப் பிளந்தது. எழுந்தவன் தோற்றவன் என்றால் அன்றைக்கு அந்த ஊரில் தோற்காமல் மிஞ்சியவர் ஊர்க்கவுண்டர் ஒருவர்தான். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. உட்கார்ந்தபடியே தொண்டை கிழியக் கத்தினார்.

ஒரு வழியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். சடையன் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் மடியில் விழுந்துகொண்டிருந்தன. நீ மட்டும் உட்காரவில்லை. உன்னால் முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வில்போல வளைந்து, தொடையை இறுக்கிக்கொண்டு நின்றாய்.

"மொதல்ல எழுந்தவன் நீ" என்றார் ஊர்க்கவுண்டர். அவரும் நம்மைவிட மூத்தவர். அவர் குரல் திடீரென்று தணிந்தது. "இந்தா பாரு. சாமி வந்து எழுந்தா கணக்கில்ல, உனக்கே தெரியும். ஒண்ணுக்கு வந்து எழுந்தாலும் கணக்கில்லன்னு இன்னிக்கி நான் சொல்றேன். அதுவும் நம்ம கையில இல்லாததுதான். எதுக்கு எழுந்தே, சொல்லு. ஒரு வார்த்த சொல்லிட்டு மறைவாப் போய்ட்டு வா. நான் காத்துகினு இருக்கேன்."

அந்த மலையில் அதுவரை யாரும் இவ்வளவு நாகரிகமான ஒரு தீர்ப்பைச் சொல்லியிருக்க மாட்டார்கள். குப்பம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "சொல்லுய்யா. சொல்லித் தொலையேன்."

நீ எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாய். ஆண்கள், பெண்கள், உன்னைப் பார்த்தால் வீட்டுக்குள் ஓடும் குழந்தைகள். உதட்டில் சடையனின் ரத்தம்.

"அவன அடிக்கத்தான் எழுந்தேன்" என்றாய்.

ஊர்க்கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார். உன்னைத் தள்ளி வைத்தார்கள்.

நீ நாவல் மரம்வரை நடந்து போனாய். அதற்கு மேல் கால் வரவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நின்றாய். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அடிவயிறு கர்ப்பிணிக்குப்போல் மேடிட்டிருந்தது. பிறகு விழுந்து, மண்ணைக் கடித்துக்கொண்டு, அடிபட்ட பாம்புபோல் முறுக்கிக்கொண்டாய். என் கையைப் பிடித்து முறித்தாய், வலி தாங்காமல். எனக்கு இன்றும் அந்தக் கையின் சுண்டுவிரல் மடங்குவதில்லை. ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். தள்ளி வைத்தவனைத் தொடக்கூடாது.

அப்போது சடையன் வந்தான். வாயில் துணியை அடைத்திருந்தான். உன்னைத் தொடாத தூரத்தில் குந்தி உட்கார்ந்து துணியை எடுத்துவிட்டு, பல்லில்லாத வாயால் மெதுவாகச் சொன்னான்:

"சுடுதண்ணியில துணிய நனைச்சி அடிவயித்துல போடு. எனக்கு அப்படிப் போட்டாத்தான் வருது."

முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. குப்பம்மாவுக்கு உறைத்தது.

"உனக்கும் அதானா?" என்றாள். "அப்ப, இவன் வேலியாண்ட நின்னத நீ பாத்தியே. அந்நேரத்துல நீ அங்க இன்னா பண்ணினிருந்தே?"

சடையன் தரையைப் பார்த்தான். "அதுக்குத்தான் போனேன். வர்ற வரைக்கும் பொழுது போவணும்ல. பீடி பத்த வெச்சேன்."

போர் எரிந்த கதை அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ஒரு கிழவன். இருட்டில், ஒருவர் வலியை ஒருவர் அறியாமல், இருவருமே வராத ஒன்றுக்காகக் காத்து நின்றிருக்கிறீர்கள். அவன் போட்ட பீடி போரில் விழுந்திருக்கிறது.

"போயி சொல்லுடா கவுண்டருகிட்ட!" என்று குப்பம்மா மண்ணை வாரி அவன் மேல் அடித்தாள்.

"பல்லு போனது போதாதா? மானமும் போவணுமா?" என்றான் சடையன்.

அவ்வளவு வேதனையிலும் நீ காலைத் தூக்கி அவன் மார்பில் ஓர் உதை விட்டாய். குறி தப்பவில்லை.

கிடங்குக் கழுதையின் மேல் இரண்டு காலிச் சாக்கைப் போட்டு உன்னைக் கவிழ்த்துப் படுக்க வைத்துக் கட்டினோம், நானும் குப்பம்மாவும். எனக்கு ஊர்ச் சட்டம் பொருந்தாது, அவளுக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது. கழுதையின் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தது சடையன். உன்னைத்தான் தள்ளி வைத்திருந்தார்கள், கழுதையை அல்ல என்பது அவன் வாதம். அடிவாரம்வரை கல்லும் பள்ளமும். கழுதை காலை எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் நீ அலறினாய். அலறலுக்கு நடுவே அவனையும் அவன் வம்சத்தையும் வரிசை தவறாமல் திட்டினாய். அவன் திரும்பிப் பார்க்காமல், "திட்டு, திட்டு. திட்டுனா வலி கொறையும்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை எடுத்தபோது உன்னை நாலு பேர் பிடித்தோம். கம்பவுண்டரை வயிற்றில் உதைத்தாய். கையை வெட்டுவேன் என்று சொல்லியிருந்தாய், பாவம், கொடுவாள் இன்னும் கோயில் வாசலில் கிடந்தது. பிறகு குழாய் வழியாக அது வரத் தொடங்கியது. முதலில் ரத்தம் கலந்து, பிறகு தெளிந்து, நிற்காமல் வந்தது. பாத்திரத்தை மாற்ற வேண்டியிருந்தது. உன் முகம் மெல்ல மெல்ல அவிழ்ந்ததைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் உன்னை யாரையும் அடிக்கும் உத்தேசமில்லாத ஒரு முகத்தோடு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"கணக்குப்புள்ள, இவ்ளோ சுலுவா இது?" என்றாய்.

"இவ்வளவுதான்" என்றேன்.

"மின்னாடியே சொல்லக்கூடாது?"

என் நாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

ரொம்ப நாள் தேங்கி நின்றதால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, சிறுநீரகம் இரண்டும் கெட்டிருக்கிறது, வந்த காலம் பிந்தியது என்றார் டாக்டர். சுரம் வந்தது. சுரத்தில் நீ கரடியோடு சண்டை போட்டாய். கடைசியில் யார் ஜெயித்தீர்கள் என்று தெரியவில்லை. விடிந்தபோது நீ இல்லை.

உன்னை மேலே கொண்டுபோனோம். ஊர் எல்லையில் நிறுத்தினார்கள், தள்ளி வைத்தவனை எப்படி உள்ளே விடுவது என்று. ஊர்க்கவுண்டர் வந்து உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுந்தவன் படுத்துட்டான்டா. இனிமே எழுந்திருக்க மாட்டான். குத்தம் முடிஞ்சிபோச்சி, தூக்குங்க" என்றார். நான் வாழ்நாளில் கேட்ட தீர்ப்புகளில் ஓட்டையில்லாதது அது.

குழிக்குள் இறக்கி மண் தள்ளும் நேரத்தில் சடையன் முன்னால் வந்தான்.

"போர நான்தான் எரிச்சேன்" என்றான். பற்கள் இல்லாததால் வார்த்தைகள் நசுங்கி வந்தன. சத்தம் போட்டு மறுபடி சொன்னான். "எனக்கும் ஒண்ணுக்கு வர மாட்டேங்குது. ராத்திரி எழுந்து போனேன். பீடி வுழுந்துடுச்சி. இவன் ஒண்ணும் பண்ணல."

நான் கூட்டத்தைப் பார்த்தேன், யார் சிரிக்கிறார்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை. கிழவர்கள் சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகும் வானம் இருந்த இடத்தில் இருந்தது. குப்பம்மா மண்வெட்டிக் காம்பைப் பிடுங்கிச் சடையனின் முதுகில் அடித்தாள். ஓயும்வரை அடித்தாள். அவன் தடுக்கவில்லை. ஊர்க்கவுண்டர் யாரையும் விலக்கச் சொல்லவில்லை. ஓய்ந்த பிறகு அவளே காம்பை அவன் கையில் கொடுத்தாள். அவன்தான் உன் மேல் மண்ணைத் தள்ளினான்.

நான் மலையை விட்டுக் கீழே வந்து போளூரில் மகன் வீட்டோடு இருக்கிறேன். நீ போன கையோடு அந்தக் குழாய்க்கும், பிறகு கத்திக்கும் என்னைக் கொடுத்துவிட்டேன். கைகளை யாரும் இழக்கவில்லை. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ராத்திரி எழுந்திருக்கிறேன், அவசரம் வந்தால் தாங்காது, எரிச்சல் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அதற்காக மருமகள் காய்ச்சுவதையும் முகம் சுளிக்காமல் குடிக்கிறேன். ஆனால் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்த மருந்து வேறு. உன் வாயிலிருந்து கடைசிவரை வராத அந்த வார்த்தை. அதை நான் இப்போது தாராளமாகப் பயன்படுத்துகிறேன். கல்யாணப் பந்தியில், வக்கீல் வீட்டில், கதாகாலட்சேபத்தின் நடுவில். பேத்தி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் செங்கத்துக்குப் பஸ்ஸில் போனேன். பாதி வழியில் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன், நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"கண்டக்டர், வண்டிய நிறுத்துப்பா. எனக்கு ஒண்ணுக்கு வருது."

"இன்னா பெரியவரே, பஸ்ஸு உங்க வூட்டுதா? இன்னும் கொஞ்ச தூரம் அடக்கிக்கோங்க."

"அடக்குனவன் ஒருத்தனைப் பொதச்சிட்டு வந்திருக்கேன். நிறுத்து."

பின்சீட்டில் இளவட்டங்கள் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டிரைவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு புளியந்தோப்பின் ஓரமாக நிறுத்தினார். படியில் கால் வைத்தபோது எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். ஒரு ஆளுடைய செருப்புச் சத்தம் அல்ல அது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. யார் யார் என்று தெரிந்துகொள்வது மரியாதையில்லை. நின்று, நிதானமாக, எல்லாரும் முடிக்கும்வரை காத்திருந்தேன்.